தோளை இறக்குங்கள்

தாய்ச்சி, ஷிங்யி, பாகுவா என்று சீனத்து உள்வழிக் கலைகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே கேள்விகள் வந்தபடி இருந்தன. எல்லாவற்றையும் சேர்த்து வைத்து இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: காலையில் பார்க்கில் வயதானவர்கள் மெல்லக் கையை அசைப்பதைத்தான் தாய்ச்சி என்று வீடியோக்களில் பார்த்திருக்கிறேன். இதைப் போய்ச் சண்டைக் கலை என்கிறார்களே?

சண்டைக் கலைதான், சந்தேகமே வேண்டாம். ஹெனான் மாகாணத்தில் வென் மாவட்டத்தில் சென்ஜியாகோ என்று ஒரு கிராமம். மிங் ஆட்சி சரிந்து சிங் ஆட்சி வந்த 17ஆம் நூற்றாண்டில், அந்த ஊர்க்காரரான சென் வாங்திங் என்ற போர்வீரர் உருவாக்கிய பயிற்சியிலிருந்து தாய்ச்சி கிளைத்தது என்பதைத்தான் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். சென் குடும்பப் பாணியில் 'பீரங்கி முட்டி' என்று ஒரு தொடர் இன்றும் உண்டு. குதிப்பு, மிதிப்பு, குத்து என்று தரை அதிரும். அதைப் பார்த்துவிட்டு யாரும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

அந்தக் கிராமத்தில் சென் சாங்ஷிங்கிடம் கற்றவர் யாங் லுச்சான் (1799–1872). பெய்ஜிங் போய், சிங் அரசின் மஞ்சுப் பிரபுக்களுக்கும் அரண்மனைக் காவற்படையினருக்கும் சொல்லிக்கொடுத்தார். அவருடைய பேரன் யாங் செங்ஃபு காலத்தில்தான் குதிப்பும் மிதிப்பும் கழிந்து, அகலமான, ஒரே சீரான, மெதுவான அசைவாக அது மாறியது. நீங்கள் பார்க்கில் பார்ப்பது அந்த வழி.

மெதுவாகச் செய்வது எதற்கு? வேகம் தப்பை மூடிவிடும். சட்டென்று ஓர் அடி எடுத்து வைத்தால் இடுப்பு கோணியதா, எடை எந்தக் காலில் இருந்தது என்று நமக்கே தெரியாது. அதே அடியைப் பத்து எண்ணி வைத்துப் பாருங்கள். தொடை நடுங்குகிற நடுக்கத்தில் எல்லாம் வெளியே வந்துவிடும். பதறாத காரியம் சிதறாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும்.

கேள்வி: 'உள்வழி', 'வெளிவழி' என்று பிரித்தது யார்?

எழுத்தில் முதலில் பிரித்தவர் ஹுவாங் சோங்ஷி என்ற அறிஞர். 1669இல் வாங் செங்நான் என்ற வீரருக்கு எழுதிய கல்லறை வாசகத்தில், ஷாவ்லின் கலையை வெளிவழி என்றும் அந்த வீரர் பயின்றதை உள்வழி என்றும் வகுத்தார். ஷாவ்லின் முந்திக்கொண்டு தாக்கும், உள்வழியோ நிதானத்தில் நின்று எதிராளியின் அசைவை அடக்கும் என்பது அவர் சொன்ன வேறுபாடு. ஹுவாங், மிங் பேரரசின் விசுவாசி. மஞ்சுக்களை எதிர்த்துப் போராடியவர். அதனால் 'உள்' என்றால் சீன மண்ணுக்கு உரியது, 'வெளி' என்றால் அயலிலிருந்து வந்தது என்று அந்த வாசகத்துக்குள் அரசியல் பொதிந்திருப்பதாகச் சில வரலாற்றாசிரியர்கள் படிக்கிறார்கள். எனக்கும் அந்த வாசிப்பு சரியென்றே படுகிறது.

அந்தக் கல்லறை வாசகத்தில் தாய்ச்சி என்ற பெயரே இல்லை என்பதையும் கவனியுங்கள். தாய்ச்சி, ஷிங்யி, பாகுவா மூன்றையும் ஒரே குடும்பமாகக் கட்டியவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிப் பெய்ஜிங் வட்டாரத்தில் வாழ்ந்த ஆசிரியர்கள். மூன்றிலும் தேர்ந்த சுன் லுதாங் (1860–1933) எழுதிய புத்தகங்கள் அந்தப் பார்வையைப் பரப்பின. நடைமுறையில் கோடு அவ்வளவு அழுத்தமாக இல்லை. நல்ல ஷாவ்லின் ஆசிரியர்கள் வயதாக ஆக மென்மைக்கு வருகிறார்கள். நல்ல தாய்ச்சி ஆசிரியரின் அடி கல்லாக விழும்.

கேள்வி: 108 அசைவுத் தொடரைக் கற்றால்தான் முழுத் தாய்ச்சியா? எங்கள் வகுப்பில் 24தான் சொல்லித்தருகிறார்கள்.

24 போதும். 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் யாங் பாணியைச் சுருக்கி, எல்லோரும் கற்கட்டும் என்று வகுத்த தொடர் அது. எண்ணிக்கையில் எதுவும் இல்லை. 24ஐத் தோள் தூக்காமல் செய்ய வந்துவிட்டால், 108ஐ அரைகுறையாகச் செய்பவரைவிட நீங்கள் வெகுதூரம் முன்னால் இருக்கிறீர்கள்.

கேள்வி: 'ஸோங், ஸோங்' என்று எங்கள் மாஸ்டர் ஓயாமல் சொல்கிறார். தளர்த்து என்று அர்த்தமாம். தளர்ந்தால் தொய்ந்து விழுகிறேன், நிமிர்ந்தால் இறுகுகிறது என்கிறார். என்னதான் செய்வது?

இந்தக் கலையின் உயிரான கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஓர் ஆறுதல். செங் மான்சிங்குக்கே (1902–1975) இது பிடிபட வெகுநாள் ஆனது. ஓவியர், கவிஞர், சீன மருத்துவர். இளமையில் காசநோய் வந்து, உடம்பைத் தேற்றத் தாய்ச்சிக்கு வந்தவர். யாங் செங்ஃபுவிடம் கற்றார். ஆசிரியர் தினமும் 'தளர்த்து, தளர்த்து' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஓரிரவு செங்குக்குத் தன் இரண்டு கைகளும் முறிந்துபோனதாகக் கனவு வந்தது. மறுநாள் பயிற்சியில் கைகள் மூட்டில் தொங்கிக்கொண்டு தானாகச் சுழன்றன. கூடப் பழகியவர்கள் வித்தியாசத்தைத் தொட்டவுடனே உணர்ந்தார்களாம். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

கனவுக்குக் காத்திருக்க வேண்டாம். இப்போதே ஒன்று செய்து பாருங்கள். எழுந்து நின்று, வலது கையை மார்பு உயரத்துக்கு முன்னால் தூக்குங்கள், முழங்கை லேசாக மடங்கி இருக்கட்டும். இடது கையால் வலது தோளின் மேற்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஒரு தசை திரண்டு நிற்கும், தோள் காதை நோக்கி ஏறியிருக்கும். கையைத் தூக்க இவ்வளவு தேவையே இல்லை. கை அதே உயரத்தில் இருக்க, தோளை மட்டும் இறக்குங்கள். முழங்கையின் முனை தரையைப் பார்க்கட்டும். முதுகில் தோள்பட்டை எலும்பு கீழே சரிந்து, முதுகு அகலமாவது தெரியும்.

இப்போது வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, உங்கள் மணிக்கட்டின் மேல் கை வைத்து, உங்களை நோக்கி மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள். தோள் தூக்கியிருந்தபோது தள்ளினால் விசை தோளில் போய் முட்டும், உடம்பு அப்படியே பின்னால் சாயும். தோள் இறங்கியபின் தள்ளினால் அதே விசை முதுகு வழியாக இடுப்புக்கும், இடுப்பிலிருந்து பின்காலுக்கும் இறங்கித் தரைக்குப் போகும். நீங்கள் எதிர்க்கவும் இல்லை, விழவும் இல்லை. கை அந்த இடத்திலேயே மிதக்கிறது பாருங்கள், அந்த மிதப்புக்குப் 'பெங்' என்று பெயர். பெங் இல்லாமல் தளர்ந்தால் அது தொய்வு. உங்களுக்கு நேர்வது அதுதான். நிற்பதற்கு எவ்வளவு தசை வேண்டுமோ அவ்வளவு வேலை செய்யட்டும், மீதி எல்லாம் ஓய்வெடுக்கட்டும்.

இப்படித் தளர்ந்த கையைத் தொடுகிறவருக்கு அது கனமாகத் தெரியும். தூங்குகிற குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டவர்கள் இதை அறிவார்கள். விழித்திருக்கும்போது இருந்த அதே எடைதான், ஆனால் தூக்கத்தில் குழந்தை தன்னைத் தாங்கிக்கொள்வதில்லை, முழு எடையும் நம் மேல் வந்து அமர்கிறது. பயின்றவரின் முன்கை உங்கள் கைமேல் அப்படித்தான் அமரும்.

கேள்வி: தளர்ந்த கை எப்படி அடிக்கும்? அறிவியல் ஒத்துக்கொள்கிறதா?

ஒத்துக்கொள்கிறது. முழங்கையை நீட்ட மேற்கையின் பின்பக்கத் தசை சுருங்க வேண்டும். முன்பக்கத் தசையின் வேலை கையை மடக்குவது. பலமாக அடிக்கிறேன் என்று கை முழுவதையும் இறுக்கினால் இரண்டும் ஒரே நேரத்தில் சுருங்கும். ஒன்று நீட்டும், மற்றது பிரேக் போடும். புதிதாகக் குத்தப் பழகுகிற எல்லோரிடமும் இதைப் பார்க்கலாம். முகம் சிவக்கும், மூச்சு நிற்கும், குத்து மட்டும் மெதுவாகப் போய்ச் சேரும்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில், கலப்புச் சண்டை வீரர்களின் தசைகளில் மின்முனை ஒட்டி அளந்து, 2010இல் முடிவை வெளியிட்டார். தேர்ந்த வீரர்களின் தசை இரண்டு முறை துடிக்கிறது. அடி கிளம்பும்போது ஒருமுறை, இலக்கைத் தொடும் கணத்தில் இன்னொரு முறை. நடுவில் தசை தளர்கிறது, அந்தத் தளர்வில்தான் கை வேகம் பிடிக்கிறது. இரண்டாவது துடிப்பு உடம்பு முழுவதையும் ஒரு கணம் கெட்டியாக்கி, அடிக்குப் பின்னால் எடையைச் சேர்க்கிறது. அந்த வீரர்கள் தாய்ச்சிக்காரர்கள் இல்லை. ஆனால் 'ஃபா ஜின்' என்று சீனத்தில் சொல்கிற வெடிப்பு விசைக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

கேள்வி: 'லீ', 'ஜின்' இரண்டுமே பலம்தானே? வேறுபாடு என்ன?

லீ எல்லோரிடமும் இருக்கிற தசைபலம். ஜின் பயிற்சியால் வருவது. பாதம் தரையை அழுத்த, கால் அதை மேலே அனுப்ப, இடுப்பு திசை கொடுக்க, முதுகும் தோளும் வழிவிட, கையில் போய் வெளிப்படுகிற விசை அது. நடுவில் எந்த மூட்டு இறுகினாலும் அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலும் இடுப்பில், இல்லையென்றால் தோளில். அதனால்தான் இந்தக் கலையில் ஆசிரியர்கள் பலத்தைக் கூட்டுவதைவிட அடைப்பை எடுப்பதில் இத்தனை காலம் செலவிடுகிறார்கள்.

கேள்வி: ஜிம்முக்குப் போகிறேன். தாய்ச்சியும் பழகலாமா?

தாராளமாக. பளு தூக்குவதால் ஸோங் கெடாது. தூக்கி முடித்த பிறகும் தூக்கிக்கொண்டே இருக்கிற தோள்தான் கெடுக்கும்.

கேள்வி: 'ச்சி' என்ற உள்சக்தி உண்மையா? அதுவும் நம் பிராணனும் ஒன்றுதானா?

என் நிலையை மறைக்காமல் சொல்கிறேன். உடம்பிலிருந்து கிளம்பிப் போய் எதிரே நிற்பவரைத் தள்ளும் கதிர் ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். ஆனால் ச்சி என்பது வெறும் கட்டுக்கதை என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. சீனர்கள் மூச்சு, உடற்சூடு, ஓட்டம், உற்சாகம் எல்லாவற்றையும் சேர்த்து அந்தப் பெயரால் சொன்னார்கள். பயிற்சி மொழியாக அது அற்புதமாக வேலை செய்கிறது. 'வயிற்றின் குறுக்குத் தசையைத் தளர்த்தி, உதரவிதானத்தை இறக்கி, ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்துங்கள்' என்று சொன்னால் மாணவன் குழம்பிப் போவான். 'ச்சியைத் தான்தியெனில் இறக்கு' என்றால், தொப்புளுக்குக் கீழே மூன்று விரற்கடையில் கவனத்தை வைப்பான், மற்றது எல்லாம் தானாக நடக்கும்.

நின்று பழகும்போது உள்ளங்கை சூடாகி, விரல் நுனியில் குறுகுறுப்பு வரும். ச்சி வந்துவிட்டது என்று குதூகலிப்பார்கள். தோளும் கையும் தளர்ந்ததும் ரத்த நாளங்கள் விரிந்து ஓட்டம் கூடுகிறது, அதுதான் அந்தச் சூடு. நல்ல அறிகுறிதான், மகிழுங்கள், ஆனால் அதையே துரத்திக்கொண்டு போகாதீர்கள்.

பிராணனைப் பொறுத்தவரை, இரண்டு மரபும் மூச்சில்தான் தொடங்குகின்றன. அதற்கப்பால் வரைபடங்கள் வேறு. சீன மருத்துவத்துக்குப் பன்னிரண்டு பிரதான ஓடுபாதைகள். நம்முடையது நாடிகளும் ஆதாரங்களும். ஒன்றின்மேல் மற்றதைப் போட்டு ஒட்டினால் இரண்டுமே சிதைந்துவிடும்.

கேள்வி: தொடாமலேயே சீடர்களைத் தூக்கி எறியும் மாஸ்டர்களின் வீடியோக்கள் வருகின்றனவே?

சீடர்கள் தாங்களாகவே விழுகிறார்கள். எல்லோரும் பொய்யர்கள் என்று சொல்லவில்லை. குருபக்தி, எதிர்பார்ப்பு, கூட இருப்பவன் விழும்போது நாமும் விழுகிற வழக்கம், எல்லாம் சேர்ந்து உடம்பைத் தள்ளிவிடும். அந்த மாஸ்டரை அறியாத ஒருவன் முன்னால் வந்து நிற்கும்போதுதான் உண்மை தெரியும்.

2017 ஏப்ரலில் செங்டு நகரில் அது நடந்தது. கலப்புச் சண்டை வீரர் சூ ஷியாவ்தோங்கும் தாய்ச்சி மாஸ்டர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட வெய் லெய்யும் மோதினார்கள். அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை, வெய் லெய் தரையில் கிடந்தார். சீனாவெங்கும் பெரிய கொந்தளிப்பு. 'தாய்ச்சியே மோசடி' என்று ஒரு பக்கம், 'பாரம்பரியத்தை அவமதித்துவிட்டான்' என்று மறுபக்கம். எனக்கு இதில் மனம் நோவது வேறு காரணத்துக்காக. தளர்வையும் தொடு உணர்வையும் ஒருநாள் விடாமல் பழகுகிற எத்தனையோ நேர்மையான ஆசிரியர்களின் உழைப்பு, மாயம் பேசியவர்களால் கேலிக்கு ஆளாகிறது. முகத்துக்கு நேராக வேகமாக வரும் குத்தை ஒருமுறைகூடச் சந்திக்காதவருக்கு, எந்தக் கலையில் எத்தனை வருடம் பழகியிருந்தாலும், சண்டை தெரியாது. தாய்ச்சிக்கும் இது பொருந்தும்.

கேள்வி: அப்படியானால் தாய்ச்சிக்காரர்கள் மேடையேறிச் சண்டையிட்டதே இல்லையா?

உண்டு. 1954 ஜனவரி 17ஆம் தேதி மக்காவில் நடந்ததுதான் மிகப் புகழ்பெற்றது. வூ பாணித் தாய்ச்சியின் வூ கோங்யிக்கும் வெண்கொக்குப் பாணியின் சென் கெஃபுவுக்கும் போட்டி. வூ ஐம்பதைக் கடந்தவர், சென் முப்பதுகளில் இருந்தவர். ஹாங்காங்கில் முந்தைய மாதம் நடந்த பெருந்தீயில் வீடிழந்தவர்களுக்கு நிதி திரட்டுவது நோக்கம். சென்னின் மூக்கில் ரத்தம் கொட்டியது, இரண்டாவது சுற்றிலேயே நடுவர்கள் நிறுத்தி, வெற்றி தோல்வி இல்லை என்று அறிவித்தார்கள். படம் பிடித்து வைத்திருக்கிறார்கள், இன்றும் பார்க்கலாம். அழகான சண்டை இல்லை. இருவருமே தடுமாறுகிறார்கள், கை கண்டபடி வீசுகிறது. நிஜச் சண்டை அப்படித்தான் இருக்கும்.

அந்தப் பரபரப்பைப் பயன்படுத்திக்கொண்ட ஹாங்காங் நாளிதழ் ஒன்று, மூன்றே நாளில் லியாங் யூஷெங் என்ற எழுத்தாளரை வைத்து வீரசாகசத் தொடர்கதை ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு ஜின் யோங் என்ற எழுத்தாளரும் இதே வகைக் கதை எழுத வந்தார். இன்று உலகம் பார்க்கும் பறக்கும் வாள்வீரர் கதைகளின் புது அலை கிளம்பியது அந்தப் போட்டியிலிருந்துதான்.

கேள்வி: நம் காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தானே இவர்களுக்குக் கலையைக் கற்றுக்கொடுத்தார்? '7ஆம் அறிவு' படத்தில் பார்த்தோமே!

போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து போனவர், ஓர் அரசனின் மூன்றாவது மகன் என்று சீனத்தின் பழைய பௌத்தக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அந்த அரசன் பல்லவன் என்பது பின்னால் வலுப்பெற்ற மரபு. 547ஐ ஒட்டி எழுதப்பட்ட இன்னொரு சீன நூல் அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. ஜென் பௌத்தத்துக்கு அவர் மூலவர் என்பதே நாம் பெருமைப்படப் போதுமானது.

சண்டைக் கலையை அவர் கற்பித்தார் என்பதற்குத்தான் ஆதாரம் நிற்கவில்லை. அவர் பெயரில் உலவும் 'தசைநார் மாற்றும் நூல்' 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அதன் முன்னுரைகள் போலியானவை என்று தாங் ஹாவோ போன்ற சீன ஆய்வாளர்களே நிறுவிவிட்டார்கள். இதே தாங் ஹாவோதான் 1930களின் தொடக்கத்தில் சென்ஜியாகோவுக்கே போய்க் குடும்ப ஆவணங்களைத் தேடி, தாய்ச்சியைப் படைத்தவர் சாங் சன்ஃபெங் என்ற துறவி என்கிற சீனர்களின் நம்பிக்கையையும் உடைத்தவர். தங்கள் புராணத்தை அவர்கள் சோதித்துப் பார்த்ததைப் போல நம்முடையதை நாமும் சோதித்துப் பார்க்கத் தயங்கக் கூடாது.

கேள்வி: யாங் லுச்சானின் உள்ளங்கையில் உட்கார்ந்த குருவி பறக்க முடியாமல் தவித்ததாமே?

கதைதான், ஆனால் அர்த்தமுள்ள கதை. குருவி கிளம்பும்போது முதலில் காலால் உந்துகிறது, பிறகுதான் சிறகு. உந்தும் அந்தக் கணத்தில் உள்ளங்கை சற்றே தாழ்ந்தால் உந்த இடமில்லை. எதிராளி காலூன்றும் நொடியை உணர்ந்து அந்த ஊன்றலைக் கொடுக்காமல் விடுவதுதான் தாய்ச்சியின் சண்டை உத்தி. அதைக் குருவியை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி: 'துய் ஷோ' என்ற இருவர் பயிற்சியில் நான் எப்போதும் தோற்கிறேன். இத்தனைக்கும் எதிராளியைவிட நான் பலசாலி.

பலசாலி என்பதால்தான் தோற்கிறீர்கள். முன்கையோடு முன்கை ஒட்டி, மணிக்கட்டைத் தொட்டபடி வட்டம் போடுகிறீர்கள் இல்லையா? அந்தத் தொட்ட இடத்தில் அவர் உங்களைப் படித்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் தள்ள நினைத்ததும், கை நகர்வதற்கு முன்பே, தோள் ஒரு துளி கெட்டியாகும். அது முழங்கை வழியாக மணிக்கட்டுக்கு வந்துவிடும். அவர் பின்காலுக்கு எடையை மாற்றி இடுப்பைத் திருப்புகிறார். உங்கள் உள்ளங்கை அவர் மார்பை உரசிக்கொண்டு காற்றில் போகிறது. நீங்கள் முன்னால் சரிகிறீர்கள். சரிந்தவர் பதறி இறுகுவார், இறுகியதும் அவர் கையில் நீங்கள் ஒற்றைக் கட்டை. லேசாகத் தொட்டால் போதும்.

இதற்குச் செங் மான்சிங் சொன்ன மருந்து கசப்பானது: தோற்கப் பழகு. கொஞ்ச காலத்துக்குத் தள்ளவே தள்ளாதீர்கள். அவர் தள்ளட்டும், நீங்கள் இறுகாமல் வழிவிட்டு, முடியாதபோது தள்ளப்படுங்கள். எந்த இடத்தில் முதலில் இறுகினீர்கள் என்று மட்டும் பாருங்கள். ஆணவம்தான் உடம்பில் கடைசியாகத் தளரும் தசை. இளைஞர்கள் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் வகுப்பை விட்டுப் போகிறார்கள், அது பெரிய இழப்பு.

கேள்வி: புரூஸ் லீயின் 'ஓர் அங்குலக் குத்து' இந்த உள்சக்திதானா?

1964இல் அமெரிக்காவின் லாங் பீச் நகரில் அவர் செய்து காட்டியது. அவர் கற்றது இப் மான் என்ற ஆசிரியரிடம், விங் சுன் என்ற சண்டைக் கலை. அவருடைய தந்தை தாய்ச்சி பழகியவர். பழைய படச்சுருளில் கையைப் பார்க்காமல் காலையும் இடுப்பையும் பாருங்கள். பின்பாதம் தரையை உந்துகிறது, முழங்கால் நிமிர்கிறது, இடுப்பு சுழல்கிறது. ஓர் அங்குலம் நகர்ந்தது முட்டி மட்டுமே, உடம்பு முழுவதும் அதற்குமுன் வேலையை முடித்துவிட்டது. மேலே ஜின் பற்றிச் சொன்னேனே, அதை ஒரு நொடியில் படம் பிடித்த மாதிரி.

கேள்வி: மூச்சை எப்படி விடுவது? உள்ளே இழுக்கும்போது வயிறு உள்ளே போகவேண்டும் என்கிறார் ஒருவர், வெளியே வரவேண்டும் என்கிறார் இன்னொருவர்.

தொடக்கத்தில் இழுத்தால் வயிறு வெளியே, விட்டால் உள்ளே. மூக்கு வழியாக, சத்தமில்லாமல். மற்றது தலைகீழ் மூச்சு, பல வருடம் பழகியவர்களுக்கு ஆசிரியர் நேரில் சொல்லித்தருவது. மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கட்டாயம் அடக்கக் கூடாது.

கேள்வி: சும்மா நிற்பதுகூடப் பயிற்சியா? 'ஜான் ஜுவாங்' என்று சொல்லி அசையாமல் நிற்க வைக்கிறார்கள். சலிப்பாக இருக்கிறது.

சலிப்பைத் தாண்டினால் பொக்கிஷம். வாங் ஷியாங்சாய் (1885–1963) ஷிங்யியில் ஊறியவர். தொடர்களையும் மாயப் பேச்சையும் கடுமையாக விமர்சித்து, அவற்றை ஒதுக்கிவிட்டு, நிற்பதையே தன் யிச்சுவான் கலைக்கு அடித்தளமாக வைத்தார். 1940இல் பெய்ஜிங் நாளிதழ் பேட்டியில் யார் வேண்டுமானாலும் வந்து சோதித்துப் பார்க்கலாம் என்று பகிரங்கமாக அழைப்பு விடுத்தவர். பிற்காலத்தில் நோயாளிகளுக்கு அதே நிலையை உடல்நலப் பயிற்சியாகக் கற்பித்தார்.

பாதங்கள் தோளகலம். முழங்கால் லேசாக மடக்கி, உச்சந்தலை மேலே தொங்குவதாக நினைத்து, மார்பு முன் இரண்டு கையையும் வட்டமாக வைத்து நில்லுங்கள். முதல் நிமிடம் ஒன்றுமில்லை. அடுத்து தோள் எரியும், தோள் தசையால் கையைப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், இறக்குங்கள். பிறகு தொடை நடுங்கும், அது பரவாயில்லை. அப்புறம் இடுப்பின் பின்பக்கம் வலிக்கும், வால் எலும்பைச் சற்றுத் தரைநோக்கி விடுங்கள். இப்படி ஒவ்வொரு வலியும் இறுக்கம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். அசைந்துகொண்டிருந்தால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, பார்க்கின்சன் நோய். அடிக்கடி தடுமாறுகிறார். தாய்ச்சி உதவுமா?

உதவும் என்று நம்பச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஃபூசோங் லீ குழுவினர் 195 பார்க்கின்சன் நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, வாரம் இருமுறை ஒருமணி நேரம் வீதம் 24 வாரம் பயிற்சி கொடுத்து, 2012இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். நிலைத்து நிற்பதில் தாய்ச்சிப் பிரிவு மற்ற இரண்டையும் மிஞ்சியது. நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைவாக விழுந்தார்கள். எதிர்ப்பு எடைப் பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டால் விழுவதில் பெரிய வேறுபாடு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நோயை இது குணமாக்காது, மருந்தை நிறுத்தக் கூடாது. நரம்பியல் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, பிடித்துக்கொள்ள நாற்காலி பக்கத்தில் இருக்க, துணைக்கு ஒருவர் நிற்கத் தொடங்குங்கள். அம்மா மறுபடி தைரியமாக அடியெடுத்து வைக்கட்டும்.

கேள்வி: மூன்று மாதமாகப் பழகுகிறேன். முழங்கால் வலி வந்துவிட்டது.

இரண்டு காரணம்தான் அதிகம். ஒன்று, ஆரம்பத்திலேயே மிகத் தாழ்ந்து நிற்பது. இரண்டு, எடை முழுக்க இருக்கும் காலை அப்படியே வைத்துக்கொண்டு இடுப்பைத் திருப்புவது. திருகல் எல்லாம் முழங்காலில் போய் விழும். முதலில் எடையை எடுங்கள், பிறகு பாதத்தைத் திருப்புங்கள், பிறகு எடையை வையுங்கள். முழங்கால் எப்போதும் கால்விரல் காட்டும் திசையிலேயே இருக்கட்டும், உள்ளே சாய விடாதீர்கள். உயரமாக நின்று பழகினால் மானக்கேடு ஒன்றும் இல்லை. வலி தொடர்ந்தால் நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: நல்ல ஆசிரியரை எப்படிக் கண்டுபிடிப்பது?

தன்னைத் தொட அனுமதிப்பவரைத் தேடுங்கள். அவர் முன்கையில் உங்கள் கையை வைத்துத் தள்ளிப் பார்க்கக் கேளுங்கள். மென்மையாக இருந்தும் உங்கள் விசை எங்கோ காணாமல் போனால் அவரிடம் விஷயம் இருக்கிறது. புது ஆட்களோடும் மாற்றுப் பள்ளி மாணவர்களோடும் துய் ஷோ செய்கிறாரா என்று பாருங்கள். நெடுநாள் மாணவர்களின் தோளைக் கவனியுங்கள். ஆசிரியர் எப்படிக் கற்பிக்கிறார் என்பதை அவர்கள் தோள் சொல்லிவிடும். ரகசியம், பரம்பரைச் சான்றிதழ், நோய் தீர்க்கும் கை என்று பேச்சு ஆரம்பித்தால் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

'ஏன்' என்று கேட்டால் முகம் சுளிக்காதவராக இருக்க வேண்டும், அது முக்கியம். ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிடாமல், முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டிப் போய்ப் பாருங்கள்.